காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா?

‘பன்றிக் காய்ச்சல் விவகாரம்’ – ஒரு நூல் திறனாய்வு

பனைமரத்தில் காக்கை வந்து உட்காருகிறது. அதே நொடியில் பனம்பழம் ஒன்று ‘தொப்’பென்று கீழே விழுகிறது. “காக்கைதான் பழத்தைத் தள்ளிவிட்டது” என்று யாராவது சொன்னால் நாம் சிரிக்கிறோம். சிரிப்பது இருக்கட்டும். காக்கை தள்ளவில்லை என்பது நமக்கு எப்படித் தெரியும்? மரத்தின்மேல் ஏறிப் பார்த்தோமா? இல்லை. காக்கை உட்காராத மரங்களிலும் பழம் விழுவதைப் பல முறை பார்த்திருக்கிறோம். அந்த அனுபவம்தான் நம்மைச் சிரிக்க வைக்கிறது.

இப்போது வேறொரு காட்சியை மனத்தில் நிறுத்திப் பாருங்கள். நல்ல உடல்நலத்தோடு இருந்த ஒருவர் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார். மூன்றாம் வாரம் அவருடைய பாதங்களில் மதமதப்பு தோன்றுகிறது. இரண்டு நாளில் மாடிப்படி ஏற முடியவில்லை. நான்காம் நாள் கையில் பிடித்த தம்ளர் நழுவுகிறது. ‘கில்லன்–பாரே நோய்’ என்கிறார் மருத்துவர். “ஊசியால் வந்த வினை” என்று குடும்பத்தார் அழுகிறார்கள். “காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை” என்று ஊசி போட்டவர்கள் கையை விரிக்கிறார்கள். யார் சொல்வது சரி?

இந்தக் கேள்வியின் முன் ஒரு பெரிய நாடே திகைத்து நின்றதுண்டு. அந்தக் கதையைச் சொல்லும் நூல் ஒன்றை இங்கே திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அரசியல் பேராசிரியர் ரிச்சர்ட் நியூஸ்டாட்டும், மருத்துவர் ஹார்வி ஃபைன்பெர்க்கும் சேர்ந்து எழுதி 1978ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பன்றிக் காய்ச்சல் விவகாரம்’ என்பதே அது. ‘வழுக்கும் நோய் ஒன்றைப் பற்றி முடிவெடுத்தல்’ என்பது அதன் துணைத் தலைப்பு. தடுப்பூசிக்கும் நரம்பு நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இந்நூல் சொல்லும் கதையைத்தான் எடுத்து வீசுகிறார்கள். ஆகவே நூல் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று ஆராய்வது நமக்குப் பயனுடையது.

நூல் பிறந்த கதை

1976ஆம் ஆண்டு தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலுள்ள ஃபோர்ட் டிக்ஸ் படைமுகாமில் இன்ஃப்ளுயென்சா காய்ச்சல் பரவியது. பிப்ரவரி 4ஆம் நாள் இளம் படைவீரர் ஒருவர் இறந்தார். அவருடைய உடலிலிருந்து எடுத்த வைரஸ், பன்றிகளிடம் காணப்படும் வகையைச் சேர்ந்தது என்று ஆய்வுக்கூடம் கண்டது. இச்செய்தி வல்லுநர்களை உலுக்கியது. காரணம், 1918ஆம் ஆண்டில் உலகையே சூறையாடிய இன்ஃப்ளுயென்சாவும் இவ்வினத்தைச் சார்ந்தது என்று அவர்கள் கருதியிருந்தார்கள். அந்த நோய் அமெரிக்காவில் சுமார் 6,75,000 பேரைக் கொன்றது. இந்தியாவில் அது கொண்டுபோன உயிர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இயக்குநர் டேவிட் சென்சர் மார்ச் மாதத்தில் தம் பரிந்துரையை எழுதினார். நாட்டு மக்கள் அனைவருக்கும் தடுப்பூசி என்பதே அது. மார்ச் 24ஆம் நாள் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு, போலியோ தடுப்பு மருந்துகளைக் கண்ட ஜோனாஸ் சால்க், ஆல்பர்ட் சேபின் ஆகிய இருவரையும் உடன் வைத்துக்கொண்டு அதை நாட்டுக்கு அறிவித்தார். 13.5 கோடி டாலர் கேட்டுப் பெறப்பட்டது.

பிறகு தடைமேல் தடை. காப்புறுதி நிறுவனங்கள் பொறுப்பேற்க மறுத்தன. ஆகஸ்டு மாதத்தில் சட்டம் இயற்றி, வழக்குகளின் சுமையை அரசே தாங்கிக்கொண்டது. அக்டோபர் 1ஆம் நாள் ஊசி போடத் தொடங்கினார்கள். பத்து நாள் கழித்துப் பிட்ஸ்பர்க் நகரில் ஒரே நிலையத்தில் ஊசி போட்டுக்கொண்ட முதியவர் மூவர் இறந்தனர். பல மாநிலங்கள் ஊசியை நிறுத்தின. இதய நோயால் நேர்ந்த இறப்புகள் அவை. ஊசிக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தபின் பணி மீண்டும் நடந்தது. நவம்பரில் மின்னசோட்டா மாநிலத்திலிருந்து வேறொரு செய்தி வந்தது: ஊசி போட்டுக்கொண்ட ஒருவருக்குக் கில்லன்–பாரே நோய். மற்ற மாநிலங்களிலும் தேடினார்கள், நோயாளிகள் தென்பட்டார்கள். டிசம்பர் 16ஆம் நாள் திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் 4 கோடிப் பேருக்கு மேல் ஊசி போட்டாகிவிட்டது. அவர்கள் அஞ்சிய கொள்ளைநோயோ, படைமுகாமின் வேலியைத் தாண்டி வரவே இல்லை!

1977இல் புதிய அரசின் சுகாதாரத் துறைச் செயலராக வந்த ஜோசப் கலிஃபானோ, “என்னதான் நடந்தது? நான் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?” என்று அறிய விரும்பி இரு ஆசிரியர்களிடமும் ஆய்வை ஒப்படைத்தார். நூல் பிறந்தது.

நூலின் வலிமை

தமக்குப் பணி கொடுத்த துறையையே தயங்காமல் குறை கூறும் நேர்மை நூலாசிரியர்களிடம் இருக்கிறது. அதே வேளையில் எவரையும் கொடியவராகக் காட்டவில்லை. நல்லெண்ணமும் அறிவும் நிறைந்த மனிதர்கள் ஒன்றுகூடித் தவறான பாதையில் படிப்படியாக இறங்குவதை நிதானமாக விளக்கிக் காட்டுகிறார்கள். சொற்பச் சான்றின்மீது எழுப்பிய கொள்கையில் வல்லுநர்களுக்கு அளவுமீறிய நம்பிக்கை; ஒவ்வொருவருக்கும் முன்பே இருந்த சொந்த நோக்கங்கள்; மேலிடத்தாரைச் ‘சரியானதைச் செய்ய’ வைத்துவிட வேண்டுமென்ற ஆர்வம்; உடனே முடிவு செய்ய வேண்டியதற்கு மேலும் முடிவு செய்துவிட்ட அவசரம்; மறுபரிசீலனைக்கு இடம் வைக்காமை; அறிவியல் வாதத்தையும் நடைமுறையையும் போதிய அளவு கேள்வி கேட்காமை; பத்திரிகைகளையும் நிறுவனங்களின் நற்பெயரையும் பற்றிய கவனமின்மை – இப்படிப் பட்டியல் நீள்கிறது.

இவற்றுள் தலையாயது நான்காவது குற்றம் என்பது என் கருத்து. தடுப்பு மருந்தைத் தயாரிப்பது ஒரு முடிவு. அதை மனித உடலில் செலுத்துவது வேறொரு முடிவு. மருந்தைத் தயாரித்துக் கிடங்கில் வைத்திருக்கலாம். நோய் மீண்டும் தலைகாட்டினால் போடத் தொடங்கலாம். ஆலோசனைக் குழுவில் இருந்த பேராசிரியர் ரஸ்ஸல் அலெக்சாண்டர் இந்தத் திசையில் கேள்வி எழுப்பினார். ஆனால் அது உரத்து எழவில்லை. எவரும் நின்று கேட்கவுமில்லை. இரண்டு முடிவுகளும் ஒன்றாக முடிச்சிடப்பட்டன. இம்முடிச்சைப் பிரித்துக் காட்டியதற்காகவே இந்நூலைப் பாராட்டலாம்.

நூலின் குறை

ஆனால் வாசகரே, நூலை மூடியபின் நம் முதல் கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். ஊசியால் அந்த நோய் வந்ததா, இல்லையா?

நூல் நம்மை அதிகாரிகளின் அறைகளுக்கு அழைத்துச் செல்கிறது. குறிப்பேடுகளையும் கூட்ட நடவடிக்கைகளையும் காட்டுகிறது. நோயுற்றவரின் படுக்கையருகே அழைத்துச் செல்வதில்லை. முடிவெடுத்தல் என்பதே அதன் பொருள் ஆதலால், கில்லன்–பாரே நோய் அதில் திட்டத்தைக் கவிழ்த்த கடைசி அடியாக வருகிறதேயன்றித் தனக்கென ஒரு வரலாறும் கணக்கும் உடைய நோயாக முழு உருவம் பெறவில்லை. இதற்காக ஆசிரியர்களைக் கடிந்துகொள்ள முடியாது. அந்தக் கணக்கு அச்சேறியதே 1979இல்தான். ஆனால் இன்றும் பலர் 1978ஆம் ஆண்டின் கதையோடு நின்றுவிடுகிறார்கள், இதுதான் தவறு. நூல் விட்ட இடத்தை நாம் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நரம்பின் உறை கிழியும் நோய்

முதலில் நோயைப் பார்ப்போம். 1916ஆம் ஆண்டில், முதல் உலகப் போரின் நடுவே, கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் திடீரென்று கைகால் வலுவிழந்த இரண்டு படைவீரர்களை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய மூளைத் தண்டுவட நீரில் புரதம் மிகுந்திருந்தது. ஆனால் நோய்க்கிருமித் தாக்குதலின் அடையாளமான வெள்ளணுக்கள் பெருகவில்லை. ஆகவே இது இளம்பிள்ளை வாதம் அன்று என்று தெரிந்தது. மூவர் கண்டதில் ஸ்ட்ரோலின் பெயர் மட்டும் பின்னர் வழக்கிலிருந்து நழுவிப் போயிற்று!

மின்கம்பியின்மேல் ரப்பர் உறை இருப்பதுபோல் நம் நரம்பிழைகளின்மேல் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. இந்நோயில் உடலின் தடுப்பாற்றலே அவ்வுறையைத் தாக்குகிறது. சிலரிடம் உள்ளே உள்ள இழையையும் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிறது. இத்தகைய நோய்களைத் தன்னுடல் தாக்குநோய்கள் என்கிறோம். வலுவின்மை காலில் தொடங்கி மேலேறும். மூச்சுத் தசைகள் தளர்ந்தால் செயற்கைச் சுவாசக் கருவி வேண்டும். பெரும்பாலோர் வாரங்களிலும் மாதங்களிலும் தேறிவிடுகிறார்கள். சிலர் ஊனத்தோடு வாழ்கிறார்கள். நூற்றுக்கு ஐவர் அளவில் இறப்பதும் உண்டு.

இதில் நாம் மறக்கக்கூடாத எண் ஒன்று உள்ளது. தடுப்பூசி என்ற பேச்சே இல்லாத இடத்திலும், ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இந்நோய் வருகிறது. காக்கை உட்காராத மரத்தில் விழும் பழங்கள் இவை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போமா?

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் 4 கோடி, அதாவது 400 லட்சம். லட்சத்துக்கு ஆண்டுக்கு ஒன்றரைப் பேர் வீதம் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டில் இவர்களில் 600 பேருக்கு இந்நோய் தானாகவே வர வேண்டும். ஊசிக்குப் பின்னுள்ள ஆறு வாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சுமார் 70 பேர். ஊசிக்குழலில் வெறும் தண்ணீரை நிரப்பிப் போட்டிருந்தாலும், அந்த 70 பேரும் “ஊசி போட்டேன், கால் போயிற்று” என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யாகாது. ஆனால் காரணம் ஊசியாகாது.

இனி உண்மையில் கிடைத்த எண்ணிக்கையைப் பார்ப்போம். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஷான்பெர்கரும் அவருடைய குழுவினரும் 1976 அக்டோபர் முதல் 1977 ஜனவரி இறுதிவரை நாடெங்கும் இந்நோய்க்கு ஆளானவர்களைத் திரட்டினார்கள். மொத்தம் 1,098 பேர். அவர்களில் 532 பேர் நோய் தொடங்குமுன் அண்மையில் ஊசி போட்டுக்கொண்டவர்கள். நாட்டு மக்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நோயாளிகளிலோ ஏறக்குறையப் பாதி! அதுமட்டுமன்று. நோய் தொடங்கிய நாள்கள் எங்கும் சீராகப் பரவியிருக்கவில்லை. ஊசிக்குப் பின் வந்த ஐந்து வாரங்களிலேயே பெரும்பாலும் குவிந்து கிடந்தன. பழம் தானாக விழுந்திருந்தால் இப்படிக் குவியாது. ஒரு லட்சம் பேருக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவாக, மிகையான நோய் ஊசியால் வந்தது என்று 1979இல் அறிவித்தார்கள்.

நல்ல அறிவியலில் இதற்கும் எதிர்க்கேள்வி உண்டு. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் செய்தி பரவியபின், ஊசி போட்டுக்கொண்ட நோயாளியை மருத்துவர் தவறாமல் தெரிவிப்பார். போடாதவரை விட்டுவிடுவார் அல்லவா? நியாயமான ஐயம். ஆகவே அலெக்சாண்டர் லாங்க்முயரின் குழு பழைய பதிவுகளை மீண்டும் புரட்டி 1984இல் முடிவை வெளியிட்டது. கடுமையான வாதம் கண்டவர்களிடம் முதல் ஆறு வாரங்களில் மிகைநோய் தெளிவாகத் தெரிந்தது. இலேசான பாதிப்புடையவர்களிடம் அத்தொடர்பு உறுதியாகவில்லை. 1991இல் மிச்சிகன், மின்னசோட்டா மாநிலங்களில் நடந்த மூன்றாவது ஆய்வும் ஊசியின் பங்கை உறுதி செய்தது. 2003இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் குழு, காரணத் தொடர்பு உண்டென்பதற்கே சான்றுகள் சாய்கின்றன என்று முடிவு கூறியது. அப்போது அக்கழகத்தின் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? நம் நூலாசிரியர் இருவரில் ஒருவரான ஃபைன்பெர்க்!

பிட்ஸ்பர்க் முதியவர்களின் இறப்பும் கில்லன்–பாரே நோயும் ஒரே திட்டத்தில், சில வார இடைவெளியில் நிகழ்ந்தவை. முன்னதில் காக்கை குற்றமற்றது. பின்னதில் பழத்தைத் தள்ளியது காக்கைதான். இரண்டையும் பிரித்துக் காட்டியது எது? வல்லுநரின் புகழன்று, பத்திரிகையின் உரத்த குரலுமன்று, எண்ணிக்கை ஒன்றே.

இந்த எண்ணிக்கை ஏட்டோடு நின்றுவிடவில்லை. அந்நோயாளிகள் எவருடைய கவனக்குறைவையும் நிரூபிக்க வேண்டியதில்லை, ஊசியால் நோய் வந்ததென்று காட்டினாலே இழப்பீடு பெறலாம் என்று 1978இல் கலிஃபானோ அறிவித்தார். படுக்கையில் கிடந்தவருக்கு நீதி கிடைக்கவும் கணக்குத் தேவைப்பட்டது.

குன்னூரும் ஆட்டு மூளையும்

“தடுப்பூசியாவது, நரம்பைத் தாக்குவதாவது! அப்படி நடக்கவே நடக்காது” என்று அடித்துப் பேசும் அன்பர்கள் சிலர் உண்டு. அவர்கள் அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. நம் நீலகிரி வரை வந்தால் போதும்.

வெறிநாய் கடித்தால் வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது நம் பெற்றோர் தலைமுறை நன்கு அறிந்த செய்தி. அந்த மருந்தை 1911இல் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் உருவாக்கியவர் டேவிட் செம்பிள். வெறிநோய் வைரஸை ஆட்டின் மூளையில் வளர்த்து, ஃபீனால் சேர்த்துச் செயலிழக்கச் செய்த மருந்து அது. 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையமும் பல்லாண்டு இதைத் தயாரித்து வழங்கியது. அது காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

ஆனால் மருந்தோடு ஆட்டு மூளையும் அல்லவா உடலில் ஏறுகிறது? அதில் மயலின் இருக்கிறது. ஆட்டின் மயலினை எதிரி என்று கண்டுகொண்ட உடல், தன் சொந்த மயலினையும் எதிரியாகக் கருதிவிட்டால்? ஒரு சிலரிடம் அப்படியே நடந்தது. கடித்த நாய்க்கு வெறியே இல்லாதபோதும், ஊசி போட்டுக்கொண்டவர் கைகால் விழுந்து கிடந்த கொடுமை உண்டு. 1930களில் அமெரிக்காவில் தாமஸ் ரிவர்ஸ், நோயற்ற முயலின் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினார். சில குரங்குகள் வாதம் கண்டன. கிருமியே இல்லாமல், மூளைப் பொருளே நோயை உண்டாக்கும் என்று இதனால் தெரிந்தது. 1987இல் தாய்லாந்தைச் சேர்ந்த திராவத் ஹேமசுதாவும் பிறரும், இப்படிப் பாதிக்கப்பட்டவர்களின் உடலில் மயலினின் அடிப்படைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்களைக் கண்டு காட்டினார்கள்.

பிறகு என்ன செய்தார்கள்? வெறிநோய்த் தடுப்பையே கைவிட்டார்களா? இல்லை. வெறிநோய் வந்தால் சாவு ஏறக்குறைய உறுதி. மருந்தைக் கைவிடுவது தற்கொலைக்கு ஒப்பாகும். மருந்திலிருந்து மூளையை நீக்கினார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களில் வைரஸைப் பெருக்கிப் புதிய தடுப்பூசிகளை உண்டாக்கினார்கள். 2004ஆம் ஆண்டு இறுதியோடு இந்தியாவில் ஆட்டு மூளை மருந்தின் தயாரிப்பு நின்றது. இன்று நாய்க்கடிக்குக் கையில் சில ஊசிகளே. தீங்கை மறைத்திருந்தால் இந்த முன்னேற்றம் வந்திருக்காது. தீங்கைக் கண்டு அஞ்சி ஓடியிருந்தாலும் வந்திருக்காது.

கிருமிக்கும் ஒரு கணக்கு

இவ்வளவும் படித்த வாசகர், “அப்படியானால் ஊசியே வேண்டாம்” என்று எழுந்துவிடக் கூடாது. கணக்கின் இரண்டாம் பாதி இனிமேல்தான் வருகிறது.

கில்லன்–பாரே நோயாளிகளில் மூன்றில் இரு பங்கினர், அதற்கு முந்தைய வாரங்களில் ஏதாவது ஒரு தொற்றுக்கு – வயிற்றுப்போக்கு அல்லது காய்ச்சல் சளிக்கு – ஆளானவர்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் காம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற பாக்டீரியாவின் மேலுறையில், நம் நரம்பிலுள்ள கேங்லியோசைடு என்ற பொருளைப் போலவே அமைந்த மூலக்கூறு இருக்கிறது. இதை 1990களில் ஜப்பானியர் நொபுஹிரோ யூகி தெளிவாக்கினார். கிருமியைத் தேடிச் செல்லும் எதிர்ப்பொருள், முகஜாடையில் ஏமாந்து நரம்பைத் தாக்குகிறது! வட சீனத்தின் கிராமங்களில் கோடைதோறும் குழந்தைகள் இப்படி வாதம் கண்டதை 1990களின் தொடக்கத்தில் ஆராய்ந்து அறிந்தார்கள். 2013–14இல் பிரெஞ்சு பாலினீசியத் தீவுகளில் ஜீக்கா வைரஸ் பரவியபோது 42 பேருக்கு இந்நோய் வந்தது. 2025 ஜனவரியில் நம் நாட்டின் புனே நகரில் பலர் அடுத்தடுத்து இந்நோயால் விழுந்தபோது, பரிசோதனையில் காம்பைலோபாக்டர் தென்பட்டது. எல்லாருடைய கண்ணும் குடிநீர்க் குழாயின் பக்கம் திரும்பியது. ஜீக்காவுக்கும் காம்பைலோபாக்டருக்கும் மக்களுக்குப் போடும் தடுப்பூசி எதுவும் இருந்ததில்லை என்பதை நினைவில் கொள்க.

இன்ஃப்ளுயென்சாவும் இந்தக் குற்றவாளிகளில் ஒன்றே. கனடாவின் ஒன்டேரியோ மாநிலத்தில் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. இன்ஃப்ளுயென்சா ஊசி 10 லட்சம் முறை போட்டால், அதனால் வரும் மிகையான கில்லன்–பாரே நோய் சுமார் 1. இன்ஃப்ளுயென்சா கண்டு மருத்துவரிடம் வந்தவர்களில் 10 லட்சத்துக்குச் சுமார் 17. மீண்டும் 2009இல் பன்றிக் காய்ச்சல் – இம்முறை உண்மையாகவே – உலகெங்கும் பரவியது. அப்போது அமெரிக்காவில் ஊசி போட்டுக்கொண்ட 2 கோடியே 30 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்ததில், மிகைநோய் 10 லட்சத்துக்கு 1.6 பேர் என்ற அளவிலேயே இருந்தது. 1976ஆம் ஆண்டின் அளவோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

கொரோனாக் காலத்திலும் இதே நாடகம் நடந்தது. 2021இல் ஆஸ்ட்ராஜெனகா தடுப்பூசியின் – நம் நாட்டில் கோவிஷீல்டு என்ற பெயரில் போட்டது இதுவே – மிக அரிய பக்கவிளைவுகளின் பட்டியலில் கில்லன்–பாரே நோயை ஐரோப்பிய மருந்து முகமை சேர்த்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் செய்த பெரிய ஆய்வொன்று, இத்தடுப்பூசியால் ஒரு கோடிப் பேருக்கு 38 பேர் மிகையாக நோயுற்றனர் என்றும், கொரோனாத் தொற்றாலோ ஒரு கோடிப் பேருக்கு 145 பேர் என்றும் கண்டது. முதல் எண்ணை மட்டும் சொல்பவர் மக்களை மிரட்டுகிறார். இரண்டாம் எண்ணை மட்டும் சொல்பவர் அந்த 38 பேரையும் அவர்கள் குடும்பங்களையும் இல்லையென்று ஆக்குகிறார்.

தலைப்பிலும் ஒரு குறை

நம் நூலுக்குத் திரும்புவோம். 1980களில் அது ‘வராத கொள்ளைநோய்’ என்ற பொருள்படும் புதுத் தலைப்புடன் மறுபதிப்பாக வந்தது. கவர்ச்சியான தலைப்புத்தான், ஆனால் முடிவு தெரிந்தபின் சூட்டியது. 1976 மார்ச்சில் எவருக்கும் நோய் வராது என்று தெரியாது. அன்று குற்றம் செய்தவர்கள் அஞ்சியதற்காகக் குற்றவாளிகள் அல்லர். அச்சம் பொய்யாகிக்கொண்டிருந்தபோதும் நின்று எண்ணிப் பார்க்காததற்காகவே குற்றவாளிகள். புதுத் தலைப்பு இந்த வேறுபாட்டை மங்கச் செய்துவிடுகிறது.

உண்மையில் அந்த ‘வராத’ என்ற சொல்லில்தான் தீர்ப்பு அடங்கியிருக்கிறது. லட்சத்துக்கு ஒருவர் என்பது சிறிய தீங்கா, பெரிய தீங்கா? கொள்ளைநோய் வீட்டு வாசலில் நிற்கும்போது அது சிறியது. நோயே வராத ஆண்டில், நலமாயிருந்த 4 கோடிப் பேரில் சில நூறு பேரை வீழ்த்தியபோது அது பெரியது. ஊசியின் தீங்கை அதன் எதிர்த்தட்டில் உள்ள நோயோடு வைத்தே நிறுக்க வேண்டும். ஒற்றைத் தட்டுத் தராசு எங்கும் இல்லை.

அரை நூற்றாண்டு கடந்தும், 1976ஆம் ஆண்டு ஊசியில் இருந்த எப்பொருள் நரம்பைத் தாக்கத் தூண்டியது என்று இன்னும் உறுதியாகவில்லை. செம்பிள் மருந்தில் ஆட்டு மூளையைக் காட்டியதுபோல் இதில் ஒன்றைக் காட்ட முடியவில்லை. ஆயினும் தீங்கு நேர்ந்தது என்று நம்மால் துணிந்து கூற முடிகிறது. பொறிமுறை தெரியாவிட்டாலும் எண்ணிக்கை பேசும்!

வாசகர் செய்ய வேண்டியது

நியூஸ்டாட்–ஃபைன்பெர்க் நூல், ஆட்சியில் இருப்போர் படிக்க வேண்டிய நூல். பதவியில் இருப்போர் “எந்த நாளில், எந்தச் செய்தி வந்தால் என் முடிவை மாற்றிக்கொள்வேன்?” என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்ற பாடத்தை அதைவிட நன்றாகப் புகட்டிய நூல் குறைவு. ஆனால் ஊசி போட்டுக்கொள்ளும் நமக்கு அது மட்டும் போதாது. அதன் கடைசிப் பக்கத்துக்குப் பின் நாமே ஒரு பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதில் மூன்று கேள்விகள் இருந்தால் போதும்.

அடுத்த முறை “ஊசிக்குப் பின் இன்னாருக்கு இப்படி ஆயிற்றாம்” என்ற செய்தி உங்கள் தெருவுக்கு வரும்போது கேளுங்கள்: ஊசியே போடாவிட்டாலும் இந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு அந்நோய் வந்திருக்கும்? ஊசி போட்டபின் எத்தனை பேருக்கு வந்தது? ஊசி தடுக்க வந்த நோயே தாக்கினால் எத்தனை பேருக்கு வரும்?

இம்மூன்றையும் கேட்காமல் சிரிப்பவரும் தவறு செய்கிறார். கேட்காமல் அலறுபவரும் தவறு செய்கிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழும் கதையைச் சொல்லித் தந்தவர்கள் நம் முன்னோர். சில வேளை காக்கை தள்ளியும் பழம் விழும் என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவும், விழுந்த பழங்களைக் குனிந்து எண்ணும் பொறுமையும் நம்மிடம் இருக்க வேண்டும்.